விளைந்த வயலில் இறங்கக் கூடாது

1

நான் பயந்தாங்கொள்ளி. தொடங்கும்போதே இதைச் சொல்லிவிடுவது நல்லது. கடல் கடந்து போனவன் எழுதுகிறான் என்றால் வீரதீரமாக ஏதோ இருக்கும் என்று எதிர்பார்த்து, பிறகு நீங்கள் ஏமாறக் கூடாது. சுசீந்திரம் தேருக்கு வடம் பிடிக்கப் போனாலும் நான் சுவாமியைப் பார்க்காமல் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே இழுப்பேன் என்று என் மனைவி உமையம்மை இன்றைக்கும் கேலி செய்வாள். அது உண்மைதான். அப்படிப்பட்ட ஆள் பர்மாவுக்கு வந்து, ஒரு சிறிய ரயில் ஊரில், அரிசி மில்லில் நெல் நிறுக்கும் குமாஸ்தாவாகப் பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டான். வயிறு இருக்கிறதே, அதற்குப் பயம் கிடையாது.

இப்போது மார்கழி. ஊரில் உங்களுக்கெல்லாம் பஜனையும் கோலமும். இங்கே அறுப்பு. போன மார்கழியில் இந்தப் பக்கத்தில் கலகம் மூண்டது உங்கள் பத்திரிகைகளிலும் வந்திருக்கும். அந்தக் கலகம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. நாலு பேர் ஒருவர் பின் ஒருவராக வரப்பில் நடந்து வருவதைப் பார்த்தால் எனக்கு இப்போதும் கை குளிர்ந்துவிடும். அறுப்புக் காலத்தில் வரப்பில் ஆள் நடக்காமல் இருக்குமா? ஆகவே ஒரு நாளைக்குப் பல தடவை குளிர்கிறது.

இந்த வாரம் இன்னொரு பயமும் சேர்ந்தது. என் மகள் பகவதி, பன்னிரண்டு வயது, மறுபடியும் காகிதம் ஊறப்போட்டிருக்கிறாள். அதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் வீட்டு விளையாட்டைப் பற்றி முதலில் சொல்லவேண்டும்.

2

மில்லில் எஞ்சினியர் துரை ஒருவர் இருந்தார். தனியாள். ஒரு நாள் கையெழுத்து வாங்க அவர் பங்களாவுக்குப் போனேன். சாப்பாட்டு மேஜை முழுவதும் ஈயச் சிப்பாய்கள் நின்றார்கள். புத்தகங்களை அடுக்கிப் பச்சைத் துணி போர்த்தி மலையாக்கியிருந்தார். அவரும் இன்னொரு துரையும் அளவுகோலை வைத்துப் படையை அங்குலம் அங்குலமாக நகர்த்துகிறார்கள், பகடை உருட்டுகிறார்கள், விழுந்த சிப்பாயைப் பெட்டிக்குள் போடுகிறார்கள். தலை நரைத்தவர்கள்! நான் கையெழுத்தை மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். ரத்தம் சிந்தாத சண்டை என்றால் என்னைப் போன்றவனுக்கு ஏற்றதுதானே.

வீட்டுக்கு வந்து உமையம்மையிடம் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு. ஆனால் பகவதி விடவில்லை. அப்போது அவளுக்கு எட்டு வயது. ஈயத்துக்கு நாங்கள் எங்கே போவது? மில்லில் வந்து கிடக்கும் பழைய செய்தித்தாள்களை அள்ளி வந்தேன். நம் ஊரில் பெண்கள் காகிதத்தையும் வெந்தயத்தையும் ஊறவைத்து ஆட்டி முறத்துக்குப் பூசுவார்களே, பெட்டி செய்வார்களே, அதே கூழ். உமையம்மை ஆட்டுரலில் ஆட்டிக் கொடுத்தாள். பெரிய பலகை ஒன்றில் கூழை அப்பி, ஒரு வாரம் வெயிலில் காயவைத்து, நாஞ்சில் நாட்டை அப்படியே எழுப்பிவிட்டோம். வடக்கே மலை. கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயும் கோட்டைச் சுவரும். நடுவில் குளமும் வயலும் தெப்பக்குளமும். மேற்கே மண்டைக்காட்டுக் கடற்கரை. கூழ் காயும் முன்னே வைக்கோலைப் பொடிப்பொடியாக நறுக்கிக் குத்தி நெல் நட்டோம். சிப்பாய்களை அட்டையில் வெட்டிக் காலை மடித்து நிறுத்தினோம். வீடு முழுவதும் வெந்தய வாசனை.

பகடைக்குப் பதில் சோழி. விதிகள் நாங்களே போட்டவை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழையும் படையை எதிராளி ஒரே ஒரு மூச்சு ஊதலாம். அந்தக் காற்றில் விழுந்தவன் விழுந்தவன்தான், எழுப்பக் கூடாது. தளபதி செத்தால் பட்டம் அவன் தங்கை மகனுக்குப் போகும், மகனுக்குப் போகாது. ஊரில் மருமக்கள்வழிக்குச் சட்டம் வந்து எல்லாம் மாறிவிட்டது என்று கேள்வி. எங்கள் பலகையில் இன்னும் மாறவில்லை. சண்டை வந்தால் தீர்ப்பு உமையம்மையுடையது. அவள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, யார் அன்றைக்கு விறகு எடுத்துக் கொடுத்தார்களோ அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்வாள்.

இன்னொரு விதி நான் போட்டது. விளைந்த வயலில் படை இறங்கக் கூடாது. வரப்பு வழியாக ஒற்றை வரிசையில்தான் போகவேண்டும். பகவதி இதற்கு மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. வரப்பில் போகிற படையை எதிராளி எண்ணி எண்ணிச் சுடுவான், நெல்லுக்குள் போனால் தெரியாது என்பாள். அவள் சொன்னது சரிதான். அந்த விதியால் நான் தோற்ற ஆட்டங்கள் ஏராளம். இருந்தாலும் கதிர் சாய்ந்து நிற்கிற வயலில் மனிதன் காலை வைப்பானா? நம் வீடுகளில் ஒரு மணி நெல் காலில் பட்டால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். அட்டைச் சிப்பாய் ஆனாலும் அவன் நாஞ்சில் நாட்டுச் சிப்பாய் என்று சொல்லிவிட்டேன்.

3

பகவதி என்று மண்டைக்காட்டு அம்மனுக்கு நேர்ந்து வைத்த பெயர். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயர் மா மியா. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் சட்டென்று திரும்புவாள். கனவில் உளறுவதும் பர்மியப் பாஷைதான் என்கிறாள் உமையம்மை. பலகையில் வரப்பை வரப்பு என்று சொல்ல அவளுக்கு வராது, ‘கஸின்’ என்பாள். நான் திருத்துவேன். அவள் ஒரு தடவை திருத்திச் சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்தில் மறுபடியும் கஸினுக்குப் போய்விடுவாள். நாஞ்சில் நாடு அவளுக்கு அந்தப் பலகை அளவுதான். கணவாயில் நிஜமாகவே அவ்வளவு காற்றா, அம்மை சும்மா சொல்கிறாளா என்று கேட்பாள். எனக்கு அது வருத்தமாக இருந்தது. இப்போது யோசித்தால், வருத்தப்படுவதற்கு நேரம் இருந்த காலம் அது.

போன வருஷம் மழை முடிந்ததும் பேச்சு மாறியது. சந்தையில் நம்மவர்களைக் கண்டால் சிலர் துப்பினார்கள். விலை விழுந்து, கடனில் நிலம் போய், விவசாயிகள் கொதித்துப்போயிருந்தார்கள். பக்கத்துக் கிராமங்களில் ஆட்கள் தொடையில் பச்சை குத்திக்கொள்கிறார்கள், குண்டு பாயாதாம் என்று மில்லில் சொன்னார்கள். நான் பாதுகாப்புக் கேட்டு மனு எழுதிக்கொண்டு சர்க்கார் ஆபீசுக்குப் போனேன். எந்த மாகாணம் என்று கேட்டார் அங்கிருந்த குமாஸ்தா. திருவிதாங்கூர் என்றேன். அவருடைய புத்தகத்தில் மெட்ராஸ் இருந்தது, வங்காளம் இருந்தது, திருவிதாங்கூர் இல்லை. அது ராணியம்மை ஆளும் சமஸ்தானம் என்று விளக்கினேன். அப்படியானால் உங்கள் ராணியிடம் போய்ப் போலீஸ் கேளும் என்று மனுவைத் திருப்பிக் கொடுத்தார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வெளியே வந்து படியில் உட்கார்ந்து மனுவை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஊ பா தின் என்ற விவசாயியைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். எங்கள் வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் இடையிலுள்ள வயல் அவருடையது. வருஷாவருஷம் மில்லுக்கு நெல் கொண்டுவருவார். அதிகம் பேசமாட்டார். ஆனால் நிறுவை முடிந்ததும் தரையில் சிந்திய மணிகளை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் போட்டுவிட்டுத்தான் போவார். மற்றவர்கள் கஞ்சன் என்பார்கள். எனக்கு அவரைப் பார்த்தால் நம் ஊர் ஆள் மாதிரி இருக்கும்.

4

போன மார்கழியில் ஒரு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். ஸ்டேஷன் பக்கம் துணிக்கடை வைத்திருக்கும் கோட்டாற்றுக்காரர் மீரான் சாகிபு வாசலில் வந்து நின்றார். எப்போதும் வெற்றிலை மென்றுகொண்டே வருகிற மனிதர், அன்றைக்கு வாய் வறண்டுபோய் நின்றார்.

“பிள்ளைவாள், சோத்த விட்டு எந்தியும். பாலத்துல கத்தியோட ஆளு நிக்கி. ரெண்டு கடை எரியுது. ரங்கூன் வண்டி இன்னும் கெடக்கு, வயல்வழி வாரும். சாமான் எடுக்கேன்னு நிக்காதியும்.”

சொல்லிவிட்டு அவர் அடுத்த தமிழ் வீட்டுக்கு ஓடினார். உமையம்மை அடுப்பில் தண்ணீர் ஊற்றினாள். பகவதி பலகையைப் பார்த்தாள். எடுக்க வேண்டாம் என்று நான் கையைக் காட்டினேன். மூன்று பேரும் கட்டிய துணியோடு கிளம்பினோம்.

ஊ பா தின்னின் வயல் விளைந்து நின்றது. இங்கே நெல் ஆள் மார்பளவுக்கு வளரும். நடுவில் நீளமாக ஒரு வரப்பு. பகவதி முன்னால், அவள் பின்னால் உமையம்மை, கடைசியில் நான். பாதி வழியில் பகவதி நின்றாள். வரப்பின் அந்தக் கோடியில், ஸ்டேஷன் பக்கமிருந்து, ஏழெட்டுப் பேர் திரும்பி எங்களை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார்கள். தோளில் நீளக் கத்தி வெயிலில் மின்னியது. நடுவில் ஓர் இடத்தில் வரப்பு வளைகிறது, அங்கே மரமும் நிற்கிறது. அதனால் வெயிலில் பேசிக்கொண்டு வந்த அவர்கள், மரத்துக்கு இந்தப் பக்கம் நிழலில் நின்ற எங்களை இன்னும் பார்க்கவில்லை.

பகவதி கதிரைக் கையால் விலக்கி உள்ளே இறங்கிவிட்டாள். உமையம்மையையும் இழுத்துக்கொண்டாள்.

“அப்பா, எறங்கு.”

நான் நின்றேன். இதை எப்படிச் சொல்வேன்? வெட்ட வருகிறார்கள் என்று கண் சொல்கிறது. கால் கேட்கவில்லை. முன்னால் பொன்னாகச் சாய்ந்து நிற்கிறது பயிர். ஐந்தாறு தலைமுறையாக அதில் மிதிக்காத கால்.

“எறங்குப்பா. இது வெளையாட்டில்ல.”

இறங்கினேன். ஆனால் அதற்குமுன் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து செருப்பைக் கழற்றினேன். அறுப்புக் களத்தில் செருப்போடு ஏறினால் நம் ஊரில் அடி விழும். விளைந்த பயிருக்குள் செருப்புக்காலோடு போவது என் உடம்புக்குத் தெரியாது. கழற்றி, வரப்பில் ஜோடியாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போய்ப் படுத்தேன். கோட்டாற்றில் தைத்த தோல் செருப்பு. அந்த ஊரில் அப்படிப்பட்ட செருப்பைப் போடுகிறவன் நம்மவனாகத்தான் இருப்பான் என்று குழந்தைக்கும் தெரியும்.

படுத்த பிறகுதான் உமையம்மை என் காலைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. தலையைத் தூக்கினேன். கோவில் வாசலில் விட்டதுபோல இரண்டும் வரப்பில் அழகாக இருந்தன. பகவதி ஊர்ந்து போய் எடுக்கப் பார்த்தாள். நான் அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டேன். பேச்சுச் சத்தம் வளைவைத் தாண்டிவிட்டது.

“மிண்டாம கெட, மக்கா, சத்தம் காட்டாத,” என்றேன். சொன்னேனா, உதடு மட்டும் அசைந்ததா, தெரியாது.

நெல் தாள்களுக்கிடையில் கால்கள் தெரிந்தன. முதலில் வந்த கால் நின்றது. அந்த முழங்காலில் இருந்த பழைய வெட்டுத் தழும்பை நிறுவைத் தராசுக்கு எதிரே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஊ பா தின். அவர் செருப்பைப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் பார்த்தார். தன் பயிர் எங்கே மடங்கியிருக்கிறது என்று விவசாயிக்கு யாரும் காட்டித்தர வேண்டியதில்லை. என் கண்ணும் அவர் கண்ணும் சந்தித்தன என்றுதான் நினைக்கிறேன். என் மகளின் கணுக்காலை எவ்வளவு அழுத்தினேன் என்றால், மறுநாளும் அங்கே நீலம் கட்டியிருந்தது.

அவர் வலது காலால் இரண்டு செருப்பையும் பயிருக்குள் தள்ளினார். ஒன்று பகவதியின் தோளில் விழுந்தது. பின்னால் வந்தவர்களிடம் ஏதோ உரக்கச் சொல்லிவிட்டு நடந்தார். மற்றக் கால்கள் அவசரமாக அவரைத் தொடர்ந்தன. பாம்பு கிடக்கிறது, நிற்காமல் வாருங்கள் என்று அவர் சொன்னதாக ரயிலில் ஏறிய பிறகு பகவதி சொன்னாள். எனக்கு அந்த நேரத்தில் எந்தப் பாஷையும் புரியவில்லை.

5

ரங்கூனில் ஒரு மடத்தில் சில வாரங்கள் கிடந்தோம். ஊருக்கே போய்விடுவோம் என்றாள் உமையம்மை. போய் என்ன செய்வது? குடும்பச் சொத்து பாகம் பிரிந்ததில் எனக்கு வந்தது பெயர் மட்டும்தான். பட்டாளம் வந்துவிட்டது, மில் திறக்கிறது, வராவிட்டால் வேறு ஆள் என்று தகவல் வந்ததும் திரும்பினோம். பயந்தாங்கொள்ளி ஏன் திரும்பினான் என்று கேட்பீர்கள். பட்டினியும் பயம்தானே.

வீட்டில் பாத்திரம் இல்லை, கதவும் இல்லை. நாஞ்சில் நாடு நாலு துண்டாக உடைந்து கிடந்தது. பனியில் ஊறி மலையெல்லாம் பழைய கூழாகிவிட்டது. பகவதி அதைப் பார்த்து அழவில்லை. நான்தான் அழுதேன்.

பிறகு போலீஸ் விசாரணை. கூட்டம் வயல்வழி வந்தது அவர்களுக்குத் தெரிந்திருந்தது, வரப்பில் முன்னால் நடந்தவன் யார் என்று கேட்டார்கள். சொன்னால் அந்த ஆளுக்குத் தூக்குக்கூட வரலாம். முகத்தை மண்ணில் புதைத்துக் கிடந்தேன், யாரையும் பார்க்கவில்லை என்றேன். உமையம்மையும் அதையே சொன்னாள். பகவதியிடம் அதிகாரி பர்மியத்தில் நயமாகக் கேட்டார். நெல்லைத்தான் பார்த்தேன் என்று பதில் சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவளுக்கு எங்கிருந்து வந்தது இந்தத் தைரியம்? என் பக்கத்திலிருந்து நிச்சயமாக இல்லை.

ஊ பா தின் அந்தக் கூட்டத்தோடு விரும்பி நடந்தாரா, வழி காட்டச் சொல்லி மிரட்டி நடத்தினார்களா, எனக்குத் தெரியாது. எங்களை ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்பதும் தெரியாது. விசாரணை முடிந்து அவர் மில்லுக்கு நெல் கொண்டுவந்தார். நிறுத்தேன். சிந்திய மணிகளைப் பொறுக்கினார். போய்விட்டார். அவருக்கு என்னிடம் பயம், எனக்கு அவரிடம் பயம். என்னைக் காப்பாற்றிய மனிதன் சந்தையில் எதிரே வந்தால் நான் வேறு சந்தில் திரும்பிவிடுகிறேன், இதைவிடக் கேவலம் உண்டா?

6

இந்த வாரம் பகவதி கூழ் ஆட்டி எழுப்பியிருப்பது ஆரல்வாய்மொழி இல்லை. இந்த ஊர். மில், பாலம், ஸ்டேஷன், நடுவே ஊ பா தின்னின் வயல், வளைவோடு கூடிய அந்த வரப்பு. வைக்கோல் நறுக்கை நெருக்கமாக நட்டிருக்கிறாள். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள், உடைத்துப்போடு என்றேன். அவள் மாட்டேன் என்றாள்.

“அங்க ஊருல எனக்கு யாரத் தெரியும்? நான் இஞ்சதாம்பா இருப்பேன். இந்த எடம் எனக்கு முழுசாத் தெரியணும்.”

உமையம்மை என்னைப் பார்த்தாள். தீர்ப்புச் சொல்லாமல் அடுக்களைக்குப் போய்விட்டாள். விதிகளைப் பற்றி நானும் கேட்கவில்லை. வயலில் இறங்கலாமா என்ற கேள்வி இனி எங்கள் வீட்டில் எழாது.

நேற்று ஊ பா தின் இந்த வருஷத்து முதல் நெல்லைக் கொண்டுவந்தார். அறுப்பு தொடங்கிச் சில நாள்தான் ஆகிறது, அதற்குள் இத்தனை மூட்டையா என்று எனக்கு ஆச்சரியம். நிறுத்து முடித்தேன். வழக்கம்போல் உட்கார்ந்து மணிகளைப் பொறுக்கினார். கூலியாட்கள் அந்தப் பக்கம் போனதும், தலையைத் தூக்காமலே பேசினார். எனக்குப் புரியவேண்டும் என்று எளிய சொற்களாகத் தேடி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

ஸ்டேஷனுக்குப் போகிற பக்கம் முழுவதும் அறுத்துவிட்டேன். இந்தத் தடவை அந்த வழியாக வராதீர்கள். மறைவு இல்லை.

அவ்வளவுதான். கையிலிருந்த மணிகளைச் சாக்கில் போட்டுவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். அவர் குரலில் மிரட்டல் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் பாதையில் முள் கிடக்கிறது என்று சொல்வாரே, அப்படித்தான் சொன்னார். இன்னொரு தடவை வரும் என்பதில் அந்த நல்ல மனிதருக்குச் சந்தேகமே இல்லை.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் பலகை முன்னால் உட்கார்ந்தேன். ஸ்டேஷன் பக்கத்து வயலை அறுத்தாயிற்றாம் என்று பகவதியிடம் சொன்னேன். யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. வைக்கோல் நறுக்குகளை நகத்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். உமையம்மை கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். வயல் மொட்டையானதும் பகவதி மூன்று அட்டை ஆட்களை எடுத்து நடுவில் நிறுத்தினாள். பிறகு பலகையைச் சுற்றி வந்தாள். பாலத்தருகே குனிந்து கண்ணைப் பலகை மட்டத்துக்கு வைத்துப் பார்த்தாள். மில்லருகே வைத்துப் பார்த்தாள். ஸ்டேஷனருகே வைத்துப் பார்த்தாள். நிமிர்ந்தபோது, அவள் முகத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தேன்.

“எங்க நின்னு பாத்தாலும் நம்மளத் தெரியும்பா.”